வெறுமையான பள்ளத்தாக்குகளின் வழியே ஒரு மிதிவண்டிப் பாதை



ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கிண்டயர் என்றொரு நீண்ட தீபகற்பம் உள்ளது. அதன் தென்முனைக்கு அருகிலுள்ள கேம்பல்டவுன் என்னும் சிற்றூரில் தொடங்கி, வடகிழக்கே இன்வர்னஸ் நகரம் வரை ஏறத்தாழ 380 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மிதிவண்டிப் பாதை செல்கிறது. பிரிட்டனின் தேசிய மிதிவண்டிப் பாதைகளில் அதன் எண் 78. கலிடோனியா வழி என்பது அதன் பெயர். கலிடோனியா என்பது ஸ்காட்லாந்துக்கு உரோமானியர் வழங்கிய பழம்பெயராகும்.

ஏரிக்கரைகள், கால்வாய்க் கரைகள், கைவிடப்பட்ட இரயில் தடங்கள், மலையிடைப் பள்ளத்தாக்குகள் ஆகியவற்றின் வழியே இப்பாதை செல்கிறது. அதன் நிழற்படங்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "எவ்வளவு அமைதி! மனித நடமாட்டமே இல்லையே!" என்பதுதான். அந்த நடமாட்டம் ஏன் இல்லாமற் போயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் தமிழ்ப்பள்ளியில் வரலாறு போதிக்கும் ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் ஒரு பயிற்சி தருவார். ஏதேனும் ஒரு சாலையின் பெயரைக் கூறி, அது எங்கே செல்கிறது என்று கேட்கமாட்டார். அதை யார், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்பார். அதே கேள்வியோடு இப்பாதையின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டால், மூன்று நூற்றாண்டு வரலாறு ஒரே கோட்டில் அமைந்திருப்பதைக் காணலாம்.

ஊர்ப்பெயர்கள் கூறும் செய்தி

முதலில் பெயர்களைப் பார்ப்போம். அங்கே இரு மலைகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பள்ளத்தாக்கைக் கிளென் என்பர். ஏரியையும் நிலத்துக்குள் புகுந்த கடற்கழியையும் லோக் என்பர். பென் என்றால் சிகரம். இன்வர் என்றால் ஆற்றின் முகத்துவாரம். நெஸ் ஆறு கடலோடு கலக்கும் இடம் என்பதால் அந்நகரம் இன்வர்னஸ் ஆயிற்று. இவை யாவும் கேலிக் மொழிச் சொற்கள். அயர்லாந்தோடு நெருங்கிய தொடர்புடைய அம்மொழி, ஒரு காலத்தில் இம்மலைநாடு முழுவதும் வீட்டிலும் வயலிலும் பேசப்பட்டது. பாதையின் அருகில் உள்ள டன்னட் குன்று, கேலிக் பேசிய தால் ரியாட்டா அரசின் பழைய கோட்டையாகும். அதன் உச்சிப் பாறையில் ஒரு காலடித் தடம் செதுக்கப்பட்டுள்ளது. அரசர்கள் பதவியேற்கும் சடங்கில் அது பயன்பட்டதாகக் கருதப்படுகிறது.

இனி, பாதையின் நடுவில் உள்ள ஃபோர்ட் வில்லியம் என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். வில்லியம் என்பது ஓர் ஆங்கிலேய மன்னரின் பெயர். அவ்வூருக்குக் கேலிக் மக்கள் வழங்கும் பெயருக்குப் பொருள் 'படைமுகாம்' என்பதாகும். ஆட்சியாளர் தம் மன்னரின் பெயரைச் சூட்டினர். ஊர் மக்களோ தாம் கண்டதையே பெயராக வைத்தனர்.

குதிரைகள் நடந்த கரை

பயணத்தின் தொடக்கப் பகுதியில் வருவது கிரினன் கால்வாய். 14 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், 15 நீர்ப்பூட்டுகள். கதவுகளால் அடைக்கப்பட்ட தொட்டியில் நீரை நிரப்பியும் வடித்தும் படகை மேலேற்றிக் கீழிறக்கும் அமைப்பையே நீர்ப்பூட்டு என்கிறோம். கிண்டயர் தீபகற்பத்தைச் சுற்றிச் செல்லும் கடல்வழி நெடியது, ஆபத்தானது. அதைத் தவிர்க்கவே 1794இல் இக்கால்வாயின் பணி தொடங்கப்பட்டது. பணத்தட்டுப்பாட்டுக்கு இடையே, முழுமையாக முடியாத நிலையிலேயே 1801இல் திறக்கப்பட்டது.

அக்காலத்தில் படகைக் கயிற்றால் கட்டிக் குதிரைகள் இழுத்துச் சென்றன. குதிரைகள் நடப்பதற்காகக் கரையோரம் சமதளமாக ஒரு பாதை அமைக்கப்பட்டது. 1847இல் விக்டோரியா அரசியார் இக்கால்வாயில் சென்ற படகையும் குதிரைகளே இழுத்தன. இன்று மிதிவண்டிகள் செல்வது அக்குதிரைகளின் பாதையில்தான். ஏற்ற இறக்கமின்றி இருப்பதற்குக் காரணம் அதுவே.

கால்வாயைக் கடந்து, லோக் ஓ என்னும் நீண்ட ஏரியின் கரை வழியே டேனில்ட் என்ற ஊரை அடைகிறோம். அதன் அருகே போனோ என்னுமிடத்தில் 1753இல் இரும்பு உருக்கும் உலை ஒன்று நிறுவப்பட்டது. இரும்புத் தாது வெளியிலிருந்து கப்பலில் வந்தது. சுற்றியிருந்த கருவாலி மரக்காடுகளிலிருந்து அடுப்புக்கரி கிடைத்தது. பிரிட்டனின் போர்களுக்கு வேண்டிய பீரங்கிக் குண்டுகள் இங்கே வார்க்கப்பட்டன. 1876இல் உலை அணைந்தது. இன்று பறவையொலி மட்டும் கேட்கும் அக்காட்டில், நூறாண்டுகளுக்கு மேல் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை வரைபடம் சொல்லாது, வரலாறு சொல்லும்.

படைகளுக்காகப் போட்ட சாலை

ஃபோர்ட் வில்லியமிலிருந்து இன்வர்னஸ் வரை, அளவுகோல் வைத்துக் கீறியது போல ஒரு பெரும் பள்ளத்தாக்கு நாட்டைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. நிலப்பிளவு ஒன்றினால் உண்டான இதனைப் பெரும் கிளென் என்பர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பள்ளத்தாக்கில் லோக் லோக்கி, லோக் ஆய்க், லோக் நெஸ் ஆகிய மூன்று ஏரிகள் வரிசையாக அமைந்துள்ளன.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைநாட்டுக் குலங்கள் பல, அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை ஆதரித்துக் கிளர்ச்சி செய்தன. இலண்டன் அரசு 1724இல் ஜார்ஜ் வேட் என்னும் படைத்தளபதியை நிலைமையை ஆராய அனுப்பியது. படைகள் விரைந்து செல்ல மலைநாட்டில் சாலைகள் இல்லை என்பதே அவருடைய முக்கிய முடிவு. அடுத்த ஆண்டு முதல் படைவீரர்களைக் கொண்டே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சாலையும் பல பாலங்களும் அமைத்தார். பெரும் கிளெனின் இரு முனைகளிலும் நடுவிலும் கோட்டைகள். அவற்றை இணைக்கும் சாலை. அவருக்குப் பின் வில்லியம் கால்ஃபீல்டு என்பவர் அதைவிடப் பன்மடங்கு நீளச் சாலைகளைப் போட்டார்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிளர்ச்சியை அடக்கப் போட்ட சாலையைக் கிளர்ச்சிக்காரர்களும் பயன்படுத்தலாம் அல்லவா? 1745 ஆகஸ்டு மாதம் நிகழ்ந்தது அதுவே. சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட் இளவரசரின் படை, வேட் 1731இல் அமைத்த கோரியாரிக் மலைக்கணவாய்ச் சாலை வழியாகவே தெற்கு நோக்கி விரைந்தது. எனினும் 1746 ஏப்ரல் 16 அன்று, இன்வர்னஸுக்கு அருகில் கலோடன் வெளியில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான போரில் அப்படை அழிந்தது. அதன்பின் மலைநாட்டு மக்கள் ஆயுதம் வைத்திருப்பது தடுக்கப்பட்டது. ஆண்கள் தம் மரபு உடையை அணிவதும் 1746 முதல் 1782 வரை சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

மக்களைத் தடுத்து நிறுத்த வெட்டிய கால்வாய்

சாலை மக்களை அடக்குவதற்காகப் போடப்பட்டது என்றால், அடுத்து வந்த கால்வாயின் நோக்கங்களுள் ஒன்று, மக்களை ஊரிலேயே தங்க வைப்பதாகும்.

போருக்குப் பின் குலத்தலைவர்கள் நிலவுடைமையாளர்களாக மாறினர். முன்பு தம் குலத்துப் போர்வீரர்களின் எண்ணிக்கையே அவர்களுக்குச் செல்வமாக இருந்தது. இப்போது குத்தகைப் பணமே செல்வமாயிற்று. குடியானவர்கள் தருவதைவிடச் செம்மறியாட்டுப் பண்ணையாளர்கள் பன்மடங்கு குத்தகை தர முன்வந்தனர். எனவே பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டு அங்கே ஆடுகள் விடப்பட்டன. 1792ஆம் ஆண்டை மலைநாட்டார் 'ஆடுகளின் ஆண்டு' என்றே நினைவில் வைத்திருக்கின்றனர். அவ்வாண்டு ராஸ் பகுதி மக்கள் திரண்டு ஆட்டு மந்தைகளைத் தங்கள் எல்லையிலிருந்து ஓட்டிவிட முயன்று தோற்றனர்.

மக்கள் கூட்டம் கூட்டமாகக் கனடாவுக்குக் கப்பலேறத் தொடங்கியதும் அரசு கவலை கொண்டது. படைக்கு ஆள் வேண்டுமே! தாமஸ் டெல்ஃபோர்டு என்னும் பொறியாளரை ஆய்வு செய்யப் பணித்தது. அவர் ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் ஓர் ஏழை இடையரின் மகனாகப் பிறந்து, கல்தச்சராகத் தொழில் தொடங்கியவர். ஆட்டுப் பண்ணைகளே குடிபெயர்வுக்கு முக்கியக் காரணம் என்றும், சாலை, பாலம், கால்வாய் வேலைகளைத் தொடங்கினால் மக்களுக்குப் பிழைப்பு கிடைக்கும் என்றும் அவர் அறிக்கை தந்தார். 1803இல் கலிடோனியக் கால்வாய்க்கான சட்டம் நிறைவேறியது.

மூன்று ஏரிகளையும் கடலோடு இணைக்கும் இக்கால்வாயின் மொத்த நீளம் 97 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மனிதர் வெட்டியது. எஞ்சியது இயற்கை ஏரிகள். மொத்தம் 29 நீர்ப்பூட்டுகள். பானவி என்னுமிடத்தில் எட்டு நீர்ப்பூட்டுகள் படிக்கட்டுப்போல அடுத்தடுத்து அமைந்துள்ளன. மலைநாட்டுத் தொழிலாளர்கள் விதைப்புக்கும் அறுவடைக்கும் மீன்பிடிக்கும் தம் ஊர் திரும்பிவிட்டு மீண்டும் வேலைக்கு வருவார்களாம். நிலத்தை விட்டுவிட மனமில்லாதவர்கள் அவர்கள் என்பதை இது காட்டுகிறது.

ஏழு ஆண்டுகளில் முடியும் என்று மதிப்பிட்ட வேலை 1822இல்தான் முடிந்தது. 474,000 பவுன் என்ற மதிப்பீடு 910,000 பவுனாக உயர்ந்தது. அதற்குள் நெப்போலியனோடு நடந்த போர் 1815இலேயே முடிந்து, கடற்படைக்கு இக்கால்வாயின் தேவை குறைந்துவிட்டது. கப்பல்களும் பெரிதாகிவிட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் வெளியேறுவதை அது நிறுத்தவில்லை. வேலை தற்காலிகமானது, நிலமோ அவர்களுடையதாக இல்லை. கூலி கொடுத்து ஒருவரைச் சில ஆண்டுகள் தங்க வைக்கலாம். நில உரிமை இல்லாமல் ஒரு சமூகத்தை ஊன்றி நிற்க வைக்க இயலாது.

இதற்குச் சான்று கால்வாய்க் கரையிலேயே உள்ளது. லோக் ஆய்க் ஏரியின் அருகே உள்ளது கிளென்கேரி. அப்பள்ளத்தாக்கு மக்கள் பெருந்திரளாகச் சென்று குடியேறிய கனடிய மாவட்டத்துக்கும் கிளென்கேரி என்றே பெயர். கால்வாய் தம் நிலத்தருகே செல்வதை எதிர்த்து இழப்பீடு பெற்ற குலத்தலைவர், மலைநாட்டு மரபின் காவலராகத் தம்மைக் காட்டிக்கொண்டவர். 1815இல் அதற்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார். மரபு உடை காப்பாற்றப்பட்டது. அதை உடுத்திய குடிகளோ கடல் கடந்தனர்.

பாதைக்கு வடக்கே, குரோயிக் என்னும் சிறு தேவாலயத்தில் இன்றும் ஒரு சான்று உள்ளது. 1845இல் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ எண்பது பேர் அதன் முற்றத்தில் தங்கினர். தாம் அங்கே இருந்ததைப் பற்றிச் சன்னல் கண்ணாடியில் அவர்கள் கீறி வைத்த எழுத்துகள் இன்னும் அழியவில்லை. 1886இல்தான் குடியானவர்களை நினைத்தபோது வெளியேற்ற முடியாதவாறு ஒரு சட்டம் வந்தது. அதற்குள் பல பள்ளத்தாக்குகள் வெறுமையாகிவிட்டன.

நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை எனப் பகுத்தபோது, மலையையும் காட்டையும் மட்டும் எண்ணவில்லை. அங்கு வழங்கும் உணவு, தொழில், பறை, தெய்வம் ஆகியவற்றையும் கருப்பொருளாகச் சேர்த்தே எண்ணினர். அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், ஆள் இல்லாத பள்ளத்தாக்கை 'இயற்கை எழில்' என்று மட்டும் கூறிவிட முடியாது. அது கருப்பொருள் பறிக்கப்பட்ட நிலம்.

இரயில் தடமும் பழைய சாலையும்

லோக் ஆய்க் ஏரியோரம் மிதிவண்டிப் பாதை செல்வது 1903இல் திறக்கப்பட்ட ஓர் இரயில் தடத்தின் மீது. போதிய பயணிகள் இல்லாததால் 1933இல் பயணச் சேவையும் 1946இல் சரக்குச் சேவையும் நின்றன. ஆள் குறைந்த நாட்டில் இரயில் ஓட்டினால் என்னவாகும் என்பதற்கு இது பாடம்.

அடுத்து லோக் நெஸ். 230 மீட்டர் ஆழம் கொண்ட இவ்வேரியில் உள்ள நீர், இங்கிலாந்து, வேல்ஸ் ஏரிகள் அனைத்தின் நீரையும் கூட்டினாலும் அதைவிட அதிகம். மாணவர்கள் கேட்கப்போவது நீர் விலங்கைப் பற்றியே! அந்தக் கதை நாளிதழ்களில் பரவியது 1933இல். மிதிவண்டிப் பாதை தென்கரைப் பக்கம் ஏறத்தாழ 390 மீட்டர் உயரத்துக்கு ஏறி, வேட் போட்ட படைச்சாலையின் தடத்திலேயே இன்வர்னஸை நோக்கி இறங்குகிறது. வழியில் வைட்பிரிட்ஜ் என்னுமிடத்தில் 1732இல் கட்டிய கற்பாலம் இன்றும் நிற்கிறது.

2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, ஸ்காட்லாந்தின் பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் பொறுப்புணர்வோடு நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் எவருக்கும் உரிமை உண்டு. வாழ்ந்தவர்கள் இழந்த நிலத்தில் வருவோர்க்குக் கிடைத்த உரிமை அது. நல்ல சட்டமே, ஆயினும் அந்த வரிசையையும் நாம் மறக்கலாகாது.

சக்கரத்தில் நம் பங்கு

இந்த வரலாற்றில் மிதிவண்டியின் சக்கரம் வழியாக நமக்கும் ஓர் இடம் உண்டு. காற்றடைத்த இரப்பர் சக்கரத்துக்கு 1845இல் முதன்முதலாக உரிமம் பெற்றவர் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அது மறக்கப்பட்டது. 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் உருவாக்கினார். அதே 1888இல்தான் ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்று, இரப்பர் பயிரிடுவதை ஊக்குவிக்கத் தொடங்கினார். முதலில் மிதிவண்டி, பின்னர் மோட்டார் வண்டி என இரப்பரின் தேவை பெருகிற்று. மலாயாவில் காடழித்துப் பால்மரம் நட, கங்காணிகள் வழியாகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டனர்.

நம் தோட்டங்களை நிருவகித்த துரைமார்களுள் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர். பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபாலுக்கு அருகிலுள்ள ஒரு பழைய தோட்டத்தின் பெயரே கலிடோனியா! துரத்தப்பட்டவர்களைத் தந்த நாடே துரைமார்களையும் தந்தது. ஆகவே இதனை நல்லவர் கெட்டவர் கதையாகப் பிள்ளைகளுக்குக் கூற இயலாது. நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது என்ற கேள்வியாகவே கூற வேண்டும்.

பாதை முடியும் ஊரில் ஒரு பள்ளி

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறியவேண்டிய செய்தி பாதையின் முடிவில் உள்ளது. ஸ்காட்லாந்தில் 1872இல் வந்த கல்விச் சட்டம் பிள்ளைகள் அனைவரையும் பள்ளிக்கு அனுப்பச் செய்தது. ஆனால் கேலிக் மொழிக்கு அதில் இடமே தரவில்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்ற நிலையில் தலைமுறைகள் வளர்ந்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசுவோர் தொகை சரிந்துகொண்டே வந்தது.

1985இல் கிளாஸ்கோவிலும் இன்வர்னஸிலும் கேலிக் வழித் தொடக்கக் கல்வி வகுப்புகள் தொடங்கப்பட்டன. பெற்றோர்கள் கேட்டு, பெற்றோர்கள் துணைநின்று வளர்ந்தவை அவை. 2011 மக்கள் கணக்கெடுப்பில் கேலிக் பேசுவோர் ஏறத்தாழ 57,600 பேர். 2022இல் அது ஏறத்தாழ 69,700 ஆக உயர்ந்தது. ஆனால் அம்மொழியின் இயல்பான தாயகமாக எஞ்சியிருந்த மேற்குத் தீவுகளில், பேசுவோர் விகிதம் முதன்முறையாகப் பாதிக்குக் கீழே இறங்கியது. அதாவது, பள்ளி ஒரு மொழியைக் கற்றுத்தர முடியும். அதைப் பேசி வாழும் இல்லமும் ஊரும் கலைந்துவிட்டால், பள்ளியால் மட்டும் அதை ஈடுசெய்ய இயலாது. பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதோடு கடமை முடிந்தது என எண்ணும் பெற்றோர்கள் இவ்விரு எண்ணிக்கைகளையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் தம் வீட்டிலிருந்து பள்ளி வரை உள்ள சாலையை வரையச் சொல்லுங்கள். அதன் ஓரத்தில் முன்பு எந்தத் தோட்டம் இருந்தது, அதற்குத் தமிழர்கள் வழங்கிய பெயர் என்ன, கோயிலும் லயமும் எங்கே இருந்தன என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நம் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. சாலையில் செல்லும் பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை. சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பதிவு செய்வதற்கு இதுவே காலம்.

பெற்றோர்களே, உங்கள் குடும்பம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையாவது இன்றிரவு பிள்ளைகளிடம் கூறுங்கள்.